ஜெசிந்தாவின் வால்வு ஆம்ப்

செப்டம்பர் 4, வியாழன்

காலாண்டுத் தேர்வு வருகிறது என்று என் இசை வகுப்புகளை எல்லாம் கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டாள். எனக்கு நஷ்டமில்லை. மதியமே வீட்டுக்கு வந்து, நெத்திலி ஆய்ந்து, துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு, புது மென்பொருளோடு உட்கார்ந்தேன்.

இப்படி ஒன்று இருப்பது போன மாதம் வரை எனக்குத் தெரியாது. கிட்டார் வயரை ஒரு சின்னப் பெட்டியில் செருகி, பெட்டியை லேப்டாப்போடு சேர்த்தால் போதும். திரையில், கிட்டார் சத்தத்தைக் கூட்டித் தருகிற அந்தக் காலத்து ஆம்ப் ஒன்று வந்து நிற்கும். பழைய ரேடியோவுக்குள் சிவந்துகொண்டிருக்குமே கண்ணாடி வால்வு, அதை வைத்துச் செய்த ஆம்ப்பின் நகல். தோல் உறை, பித்தளைக் குமிழ், மூலையில் யாரோ இடித்தது போல ஒரு கீறல்கூட வரைந்திருக்கிறார்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை எங்கே வைப்பது என்று மவுஸால் இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நிஜ ஆம்ப் போலவே அடியில் ஒரு இரைச்சல் ஓட வேண்டுமென்றால் அதற்கும் ஒரு குமிழ் இருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற சாமானில் இரைச்சலைக் கூட்டுவதற்கென்றே குமிழ் வைத்தவன் நிச்சயம் கிட்டார் வாசிப்பவனாகத்தான் இருப்பான்.

ஒரு தந்தியை மட்டும் மீட்டினேன். மெல்லத் தொட்டால் வழுவழுவென்று வந்தது. அழுத்தினால் சளி பிடித்த பாடகர் போலக் கரகரத்தது. விரல் என்ன நினைத்ததோ அதைத் திருப்பிச் சொன்னது.

துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் ராயன், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் வரவில்லை, நான்தான் என்றேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பூசை முடிந்து அண்ணன் வீட்டில் சாப்பாடு.

லியோன் அண்ணனைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் டைரி என்று எழுத ஆரம்பித்தால் முறையாக எழுத வேண்டும். தூத்துக்குடியில் கிட்டார் என்றால் லியோன் கோமஸ். வீட்டின் பின்கட்டில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். அதில் நிஜமான வால்வு ஆம்ப் ஒன்று இருக்கிறது. ஏதோ கப்பலின் நடன அறையிலிருந்து இறங்கியது. அவனும் நானும் ஒரே வாத்தியாரிடம்தான் கற்றுக்கொண்டோம். பிறகு அவன் மேடைக்குப் போனான், நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

கறிக்குழம்போடு ஒரு பிரசங்கமும் கிடைத்தது. கம்ப்யூட்டரில் ஆம்ப் வைத்து வாசிக்கிறவர்களைப் பற்றி. "அது பால்பவுடர்ல போட்ட டீ" என்றான். நான் எலும்பைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். என் லேப்டாப்பில் என்ன இருக்கிறது என்று ராயனுக்கு மட்டும்தான் தெரியும். அவர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

அண்ணன் சொன்ன செய்தி இது. சென்னையில் மதுவந்தி என்று ஒரு பெண் முதல் முறையாகப் படத்துக்கு இசையமைக்கிறாள். துறைமுகத்துக் கதை. பழைய கப்பல் கிளப்புகளில் கேட்ட கிட்டார் மாதிரி வேண்டுமாம். நிஜ வால்வு ஆம்ப்பில் வாசித்ததாக இருக்க வேண்டும், கம்ப்யூட்டர் கூடாது என்பது நிபந்தனை. அண்ணனைத்தான் கேட்டிருக்கிறாள். அவனுக்குத் தோள் வலியாம், வாசிக்க முடியாதாம். அதனால் இந்தப் பக்கத்தில் வாசிக்கிறவர்கள், அவள் பாடி அனுப்பிய மெட்டை (எங்களுக்கும் போனில் போட்டுக் காட்டினான்) வாசித்து அவனுக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும், அவன் கேட்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்பான். இதைச் சொல்லிக்கொண்டே தண்ணீர் கேனைத் தோளுக்கு மேல் தூக்கிக் குழாய்ப் பானையில் கவிழ்த்தான். தோள் வலிக்குத் தைலம் தேய்க்கச் சொன்னேன்.

நீயும் அனுப்பேன் என்று யாரும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது ஸ்டூடியோக் கதவு திறந்திருந்தது. அண்ணன் மனைவி பிலோமி மைனி, இஸ்திரி போட வேண்டிய துணியை எல்லாம் அந்த ஆம்ப்பின் மேல் அடுக்கி வைத்திருந்தாள். முன்பு ஒரு முறை நான் அதன் மேல் காப்பித் தம்ளரை வைத்துவிட்டேன் என்று ஊரைக் கூட்டியவன் என் அண்ணன். வயதானால் மனுஷனுக்குப் பொறுமை வந்துவிடும் போலிருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

சும்மாதான் அந்த மெட்டை வாசித்துப் பார்த்தேன். சும்மாதான் பதிவு செய்தேன். நன்றாக வரும் வரை திரும்பத் திரும்பச் செய்ததும் பொழுது போகாததால்தான். மைக்கைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி, இரைச்சலைக் கொஞ்சமாக ஏற்றினேன்.

ராயனின் ஆபீஸ் போனிலிருந்து அண்ணனுக்கு அனுப்பினோம். அந்த நம்பர் அவனிடம் இல்லை. பெயர் போடவில்லை. மறந்துவிட்டது.

செப்டம்பர் 10, புதன்

பதில் இல்லை. எனக்கென்ன.

செப்டம்பர் 11, வியாழன்

இன்றும் இல்லை. மழைக்காலத்துக்கு முன் பரணைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நினைத்து, செய்யவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

சாயங்காலம் ராயனின் ஆபீஸ் போனுக்கு அண்ணன் கூப்பிட்டான். ராயன் ஸ்பீக்கரில் போட்டார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

வந்ததிலேயே இதுதான் உசத்தி, வாசித்தது யார் என்று கேட்டான். ராயன், நான்தான் என்றார். குரலைக் கேட்டதும், மாப்பிள்ளைக்குக் கிட்டாரைப் பிடிக்கவே தெரியாதே என்று அண்ணன் சிரித்தான். "ஜெசிதான் மச்சான் வாசிச்சா" என்றார் ராயன்.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷத்துக்கு ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன். நினைக்கவில்லை, வந்தால் என்ன சொல்வது என்று மட்டும் யோசித்தேன்.

"ஏட்டி," என்றான் அண்ணன், "எந்த ஆம்ப்பு?"

அவ்வளவுதான் கேட்டான். வாசித்தது அந்த ஆம்ப்தான், நான் பக்கத்தில் விசிறி வீசிக்கொண்டு நின்றேன் என்பது போல. எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. வால்வு ஆம்ப்தான், அறுபதாம் வருஷத்துச் சாமான், இங்கிலாந்துக் கப்பலில் வேலை பார்த்த ஒருவர் விற்றார் என்றேன். எனக்கே தெரியாமல் அதற்கு மேலும் வந்தது. தோல் உறை, பித்தளைக் குமிழ், மூலையில் ஒரு கீறல்.

"நெனச்சேன்" என்றான் அண்ணன். "அந்தச் சூடு கம்ப்யூட்டர்ல வராதுட்டி."

ராயன் வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். வெங்காயத்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர்.

செப்டம்பர் 13, சனி

பொய் சொல்வது பாவம். ஆனால் அந்தக் கீறலைச் சொன்னது நல்ல இடம்.

செப்டம்பர் 15, திங்கள்

மதுவந்தியே போன் செய்தாள். பள்ளியில் ஸ்டாஃப் ரூமில் இருந்தேன், வராந்தாவுக்கு ஓடினேன். இளவயசுக் குரல், மரியாதையான பேச்சு. என் வாசிப்பைக் காரில் போகும்போதெல்லாம் கேட்கிறாளாம். படத்தின் முக்கியமான மெட்டு முழுவதும் என் கிட்டார்தான் என்றாள். டைட்டிலில் என் பெயர் வருமாம்.

என் பெயர் திரையில் வந்தால் எவ்வளவு பெரியதாக வரும் என்று வராந்தாச் சுவரைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவள், ஆம்ப்பைப் பற்றி டைரக்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அதனால் லியோன் சாரை ஒரு முறை நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்யச் சொல்லியிருக்கிறேன் என்றாள். சனிக்கிழமை.

ஆறாம் வகுப்பு பி பிரிவுக்குத் தேசியகீதத்தைத் தப்பான சுருதியில் ஆரம்பித்தேன்.

செப்டம்பர் 17, புதன்

ராயனைக் கல்யாணம் செய்தது நல்ல காரியம் என்று அவ்வப்போது தோன்றும். இன்று தோன்றியது.

பரணில் அவர் வீட்டுப் பழைய டிவியின் மரப்பெட்டி கிடந்தது. முன்பக்கம் இழுத்து மூடுகிற பலகைக் கதவு வைத்தது. கதவைக் கழற்றி, உள்ளே இருந்ததை எல்லாம் பிடுங்கிப் போட்டு, முன்னால் சாக்குத் துணியை இழுத்து ஆணி அடித்தார். வெளியே கறுப்பு ரெக்சின் ஒட்டினோம். பழைய ஃபேன் ரெகுலேட்டர் குமிழ்களுக்குப் பித்தளை நிறம் அடித்தேன். மூலையில் கீறல் போட வேண்டிய வேலையை ராயன் கேட்டு வாங்கிக்கொண்டார், சுத்தியலால்.

சத்தம் வெளியே வர ஸ்பீக்கர் வேண்டுமே. கோயிலில் ஜெபமாலை ஊர்வலத்துக்குத் தூக்கிப் போகிற சார்ஜ் ஸ்பீக்கரை ராயன் கேட்டு வாங்கி வந்தார். வீட்டில் ஒரு ஜெபம் என்று சொன்னாராம். பொய்யில்லை என்று வாதிக்கிறார். சனிக்கிழமை வரை நாங்கள் ஜெபித்துக்கொண்டுதானே இருக்கப்போகிறோம்.

பெட்டிக்குள் ஸ்பீக்கர், அதன் மேல் லேப்டாப், இரண்டையும் மறைத்துப் பின்பலகை. சாக்குத் துணிக்குப் பின்னால், வால்வு எரிவது போலத் தெரிய, ஆரஞ்சு நிறத்தில் இரண்டு நைட் லாம்ப். பிளக் செருகி ஸ்விட்சைப் போட்டதும் துணிக்குப் பின்னால் மெல்லிய வெளிச்சம் பரவியது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். நிஜமாகவே வாங்கியிருந்தால்கூட இவ்வளவு அழகாக இருந்திருக்காது.

செப்டம்பர் 20, சனி

முழுவதும் எழுதுகிறேன்.

நாலு மணிக்கு மேல் அண்ணன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. மைனி வரவில்லை. நான் இறால் கட்லெட் பொரித்து வைத்திருந்தேன், பார்க்கக்கூட இல்லை. நேரே பெட்டியின் முன்னால் போய் நின்றான். கீறலைத் தடவினான். குனிந்து சாக்குத் துணியை முகர்ந்தான். அரிசி மண்டி வாசம் வந்திருக்குமோ என்னவோ, நிமிர்ந்து பெட்டியைச் சுற்றி வந்தான்.

பின்பக்கம் கை வைக்காதே, ஷாக் அடிக்கும் என்றேன். எனக்கே சொல்கிறாயா என்பது போலப் பார்த்தான். நிஜ வால்வு ஆம்ப்புக்குள் ஆளைத் தூக்கி எறிகிற கரண்ட் ஓடும் என்பது அவனுக்குத் தெரியாததா. அந்த ஒரு வாக்கியத்தைத் தயார் செய்வதற்கு நான் ராயனோடு இரண்டு வேளை விவாதித்தேன்.

ஸ்விட்சைப் போட்டேன். ஆரஞ்சு வெளிச்சம் வந்தது. வால்வு சூடாகட்டும் என்று சொல்லிவிட்டு, மூன்று பேரும் பெட்டியைப் பார்த்து பயபக்தியோடு உட்கார்ந்திருந்தோம். அடியில் அந்த இரைச்சல் ஓடத் தொடங்கியது. நான் ஏற்றி வைத்த குமிழ்தான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான்.

நான் மெட்டை ஆரம்பித்தேன். பயத்தில் முதல் வரி தட்டையாகப் போனது. இரண்டாவது வரியில் நடுவே ஒரு வளைவு இருக்கிறது. தந்தியை இழுத்து, விடாமல் நடுங்க விட்டு, இறக்க வேண்டும். அங்கே வந்ததும் பயம் போய்விட்டது. பெட்டி, பொய், அண்ணன் எல்லாம் போய்விட்டது. நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏதோ புழுக்கமாக இருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றியது. கண்ணைத் திறந்தேன். ஃபேன் ஓடவில்லை. தெருவிலும் சத்தமில்லை. கரண்ட் போயிருந்தது. ராயன் கட்லெட் தட்டோடு சிலையாக நின்றார். பெட்டியில் வால்வு இரண்டும் அணைந்து இருட்டாக இருந்தது. அதிலிருந்து என் கிட்டார் மட்டும் கணீரென்று வந்துகொண்டிருந்தது.

லேப்டாப்புக்கு பேட்டரி. ஊர்வல ஸ்பீக்கருக்கும் பேட்டரி. நைட் லாம்ப்புக்குத்தான் கரண்ட். இதை நானும் ராயனும் யோசிக்கவே இல்லை.

நிறுத்தியிருக்க வேண்டும். கை நிற்கவில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவன் அந்த இருட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்தாத" என்றான்.

கடைசி வரை வாசித்தேன். முடிந்த பிறகும், கரண்டே இல்லாத வீட்டில் கரண்ட் இரைச்சல் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

அண்ணன் எழுந்து பெட்டியை முன்னால் இழுத்து, பின்பலகையைக் கழற்றினான். லேப்டாப்பைப் பார்த்தான். அதன் அடியில் ஸ்பீக்கரில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்ததைச் சத்தமாக, எழுத்துக் கூட்டுகிறவன் போலப் படித்தான். "ஜெபமாலை சபை. ஊர்வலத்துக்கு மட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. அன்று அனுப்பியதும் இதில்தானா என்று கேட்டான். ஆமாம் என்றேன். கம்ப்யூட்டரா என்றான். அதற்கும் ஆமாம் என்றேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நல்லா வாசிச்சட்டி" என்றான்.

எழுந்து போய்விட்டான். கட்லெட்டை ராயனும் நானும் தின்றோம். நான் இரண்டாவது கட்லெட்டோடு நிறுத்திவிட்டேன். இறால் ஓடு சரியாக நீங்கவில்லை என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசையில் அண்ணன் எங்களைப் பார்க்காத மாதிரி போனான். ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

செப்டம்பர் 24, புதன்

மதுவந்தியிடமிருந்து போன் இல்லை. அண்ணன் சொல்லியிருப்பான். சொல்வதுதான் நியாயம். டைட்டில் இல்லாமலா நான் இத்தனை வருஷம் இருந்தேன். விடைத்தாள் திருத்தினேன். சுதி என்றால் என்ன என்ற கேள்விக்கு ஒருத்தி "கரண்ட் வந்ததும் பெட்டியில் வருவது" என்று எழுதியிருந்தாள். முழு மார்க் போட்டேன்.

மைனி போன் செய்து, என்னட்டி நடந்துச்சு அங்க, மனுஷன் ஸ்டூடியோக் கதவைச் சாத்திக்கிட்டு அந்தப் பெட்டியவே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு என்றாள். தெரியவில்லை மைனி என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

லோடு ஆட்டோவில் அண்ணன் வந்து இறங்கினான். அவனோடு அவன் ஆம்ப்பும். ராயனும் அவனுமாகத் தூக்கி வந்து கூடத்தில் வைத்தார்கள். தோள் வலியைப் பற்றி யாரும் பேசவில்லை.

பின்பலகையைக் கழற்றிக் காட்டினான். உள்ளே துருவும் சேறும். ஊரையே மூழ்கடித்த அந்த டிசம்பர் வெள்ளத்தில் பின்கட்டுக்குள் தண்ணீர் வந்தபோது மூழ்கியிருக்கிறது. மதுரைக்குக் கொண்டுபோனானாம், சென்னைக்குக் கொண்டுபோனானாம், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எல்லாம் போய்விட்டது, பழைய சத்தம் வராது என்று கைவிரித்துவிட்டார்களாம். மைனிக்குக்கூட முழுசாகச் சொல்லவில்லை. அதன் பிறகு ஒரு மேடையிலும் வாசிக்கவில்லை. கேட்டவர்களிடம் தோள் வலி, காய்ச்சல், மனசு சரியில்லை என்று ஏதாவது சொல்லியிருக்கிறான்.

"வேற ஆம்ப்புல வாசிச்சா நான் யாருன்னு கேப்பாங்கட்டி" என்றான்.

நான் அவன் முகத்தைப் பார்க்காமல் ஆம்ப்பின் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வால்வின் மேல் சேறு காய்ந்து வெடித்திருந்தது. இவனைப் பற்றி நான் இத்தனை நாள் எழுதியதில் சிலவற்றை அடித்துவிடலாமா என்று தோன்றியது. பேனா மசி வீண், விட்டுவிட்டேன்.

அவன் மதுவந்தியிடம் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லையாம். ஆம்ப் நிஜம்தான், என் காதால் கேட்டேன் என்று சொல்லியிருக்கிறான். ஆனால் இப்போது டைரக்டர், ஆம்ப்போடு சேர்த்து வாசிப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் வந்திருக்கிறான். எங்கள் டிவி பெட்டியைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும் என்றான்.

"என் பெட்டி. உள்ள உன் சாமான். யாருக்குத் தெரியப்போகுது?"

பேட்டரி போட்ட விளக்காகப் பார்த்து வாங்கலாம் என்றார் ராயன். மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். அண்ணன் மதியம் இங்கேயே சாப்பிட்டான்.

செப்டம்பர் 29, திங்கள்

திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் வீடியோவில் தெரியப்போவது அண்ணனின் ஆம்ப். பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? லியோன் கோமஸின் ஆம்ப் எப்படிப் பேசுகிறது பார் என்பார்கள்.

உண்மையைப் பேசுவதுதான் முறை என்று இன்று எனக்குத் திடீரென்று புரிந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

மதுவந்தியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மென்பொருள், டிவி பெட்டி, நைட் லாம்ப், கரண்ட் போனது. அண்ணனின் ஆம்ப் மூழ்கியதைச் சொல்லவில்லை, அது என்னுடையது அல்ல.

அவள் நடுவில் ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று நம்பித்தான் நைட் லாம்ப்பை விளக்கமாகச் சொன்னேன்.

"மேடம், நான் டைரக்டர்கிட்ட சத்தியம் பண்ணாத குறையா சொல்லியிருக்கேன்" என்றாள். "இது என் முதல் படம்."

அதுவரை எனக்கு இது அண்ணனுக்கும் எனக்கும் உள்ள விளையாட்டாகத்தான் இருந்தது. அவளுடைய பிழைப்பும் இதில் இருக்கிறது என்று நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள், ஒரு புது மெட்டைப் பாடி அனுப்புவதாகவும், சனிக்கிழமை வீடியோ காலில் தன் கண் முன்னால் நான் அதை வாசிக்க வேண்டும் என்றும் சொன்னாள். கம்ப்யூட்டராக இருந்தாலும் பரவாயில்லை. நன்றாக இருந்தால் டைரக்டரிடம் அவளே பேசுவாள். இல்லையென்றால் வேறு ஆள்.

அண்ணனிடம் சொன்னேன். திட்டுவான் என்று பார்த்தேன். சனிக்கிழமை நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னான்.

அக்டோபர் 3, வெள்ளி

மெட்டு கஷ்டமாக இருக்கிறது. விரல் நுனி எரிகிறது. ராயன் சமைத்தார். ரசம் என்று சொன்னார்.

அக்டோபர் 4, சனி

கரண்ட் இருந்தது. நாங்கள் எதற்கும் என்று லேப்டாப்பை முழு சார்ஜில் வைத்திருந்தோம்.

திரையில் மதுவந்தி. ஒல்லியாக, கண்ணாடி போட்டு, தூக்கமில்லாத முகம். அண்ணன் கேமராவில் தெரியாதபடி சுவரோரம் முக்காலியில் இருந்தான். நான் ஆரம்பித்து மூன்றாவது வரியில் தடுக்கி விழுந்தேன். மறுபடி. மறுபடியும் அதே இடம். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். இவ்வளவு பேசினவளுக்கு, இப்போது பின்னால் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டிகூட இல்லை.

அப்போது சுவரோரத்திலிருந்து தாளம் கேட்டது. அண்ணன் என் பழைய மரக் கிட்டாரை எடுத்து, அந்த மெட்டுக்குக் கீழே, பல தந்திகளைச் சேர்த்து மீட்டுகிற கார்டுகளை மட்டும் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தான். அலங்காரம் ஒன்றும் இல்லை. நான் எங்கே தடுக்கினேனோ அந்த இடத்தில் ஒரு கார்டைக் கொஞ்சம் நீட்டி, எனக்கு இடம் விட்டான். சின்ன வயசில் வாத்தியார் வீட்டில் அவன் எனக்கு ஒரு நாளும் இடம் விட்டதில்லை. அதில் கால் வைத்து ஏறி அந்தப் பக்கம் போய்விட்டேன். பிறகு நிறுத்தவே தோன்றவில்லை. மெட்டு முடிந்து அவள் எழுதாத ஒரு வரியையும் சேர்த்து வாசித்துவிட்டேன்.

மதுவந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கீழே வாசிப்பது யார் என்று கேட்டாள். அண்ணன் தலையை மட்டும் கேமராவுக்குள் நீட்டினான்.

"தோள் வலி போயிடுச்சா சார்?"

"இப்பதான்ம்மா போச்சு" என்றான்.

அப்போதுதான் அவள் சிரித்தாள். இரண்டு கிட்டாரும் வேண்டும் என்றாள். மேலே நான், கீழே அண்ணன். அண்ணனுக்கும் அதே மென்பொருளில் வேறொரு ஆம்ப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். முழுவதையும் பதிவு செய்து முடித்தபோது சாயங்காலம். ஒரு இடத்தில் அண்ணன் தாளம் தப்பினான். மறுபடி போகலாம் என்றேன். சரி என்றான். ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

அக்டோபர் 7, செவ்வாய்

டைரக்டர் ஒத்துக்கொண்டாராம். வால்வு என்றால் என்னவென்று அவருக்கே சரியாகத் தெரியாதாம், யாரோ சொல்லக் கேட்டதாம். மதுவந்தி இதைச் சொல்லும்போது பல்லைக் கடிப்பது போனிலேயே கேட்டது.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் அண்ணனைச் சுற்றிக் கூட்டம். பாடற்குழு ஆட்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். உலகமே மாறிவிட்டதாம். ஒரு லேப்டாப் இருந்தால் எந்தக் காலத்து ஆம்ப்பையும் எழுப்பிவிடலாமாம். இன்னும் வால்வு வால்வு என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் காது வளராதவர்களாம். தான்தான் இதை இந்த ஊருக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லவில்லை. சொல்லாத மாதிரியே சொன்னான். நான் பக்கத்தில் நின்று, அப்படியா என்று கேட்டேன். ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, ஆமாட்டி, நீயும் கத்துக்கிடு என்றான்.

அடுத்த மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் வாசிக்க ஒத்துக்கொண்டிருக்கிறானாம். மைனி இரண்டு முறை சொன்னாள்.

அக்டோபர் 16, வியாழன்

சாளைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் போன். புது லேப்டாப் வாங்கி, மென்பொருளைப் போட்டாயிற்று, எல்லாம் சொன்னபடி செய்தாயிற்று, சத்தமே வரவில்லை, உன் சாமான் ஏமாற்றுச் சாமான் என்றான். கிட்டார் வயரைச் செருகியிருக்கிறதா என்று கேட்டேன்.

எதையோ தேடி உருட்டுகிற சத்தம் கேட்டது.

"இப்ப வருது" என்றான். பிறகு, "வச்சிராத, இதக் கேளு" என்று போனை எங்கேயோ வைத்தான்.

வாசித்தான். கார்டு இல்லை, முழு மெட்டு. அவனுடையதே, நான் இதுவரை கேட்டதில்லை. முதலில் விரல் கட்டை மாதிரி இருந்தது, பிறகு இளகியது. நடுவில் ஒரு இடத்தில் தானே சிரித்துக்கொண்டான்.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அடுப்பு சரியில்லை என்று ராயனிடம் சொல்லிக்கொள்ளலாம்.